அத்தியாயம் 9: கட்டிலிலிருந்து வாசல் வரை

"பிசியோதெரபி ஆரம்பிச்சா அப்பா எழுந்து நடந்துடுவாரா?"

நோய் ஆதரவு சிகிச்சையில் இருப்பவரின் வீட்டுக்கு பிசியோதெரபிஸ்ட் போனதும் செருப்பைக் கழற்றுவதற்குள் வரும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் மகனாகவோ மகளாகவோ இருப்பார். கட்டிலில் இருப்பவர் இதைக் கேட்பது அபூர்வம். ராத்திரி ஒண்ணுக்கு வந்தால் யாரை எழுப்புவது, மருமகள் முன்னால் வேட்டி நழுவினால் என்ன செய்வது என்று அவருடைய கவலைகள் வேறு.

கேள்விக்கு நேரான பதில்: சிலர் நடப்பார்கள். சிலர் உட்காருவார்கள். சிலர் தாமாகவே ஒருக்களித்துப் படுக்கக் கற்றுக்கொள்வார்கள். புற்றுநோய் பரவியவர், இதயமோ நுரையீரலோ தளர்ந்துபோனவர், பக்கவாதத்தில் படுத்தவர், பார்க்கின்சன்ஸ் முற்றியவர் ஆகியோரின் நோயை எந்தப் பயிற்சியும் திருப்பி அனுப்பாது. மிச்சமிருக்கும் தெம்பை அவர் விரும்பும் காரியத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பயிற்சி உதவும். இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

இதற்கு எதிர்த் திசையிலிருந்தும் ஒரு குரல் வரும். "இந்த நிலைமைல எதுக்குங்க பிசியோ? பாவம், படுத்திருக்கட்டும்." சொல்பவர் பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் படுக்கை சும்மா இருப்பதில்லை. 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் எதுவும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ சதை கரைந்திருந்தது. சாப்பாடு இறங்காமல், ஸ்டீராய்டு மாத்திரையும் எடுத்துக்கொள்ளும் ஒரு நோயாளிக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டீராய்டு முதலில் தொடையையும் இடுப்பையும்தான் வலுவிழக்கச் செய்யும். "நடக்கிறார், ஆனா நாற்காலியிலிருந்து எந்திரிக்க முடியல" என்று வீட்டார் சொன்னால், நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டுமுன் மாத்திரைச் சீட்டை எடுத்துப் பார்ப்பது என் வழக்கம்.

லண்டனில் 1967-இல் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸில் இன்று நோயாளிகளுக்கென்றே ஓர் உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. சாகப் போகிறவர்களுக்கு ஜிம்மா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அங்கே வருகிறவர்கள் வாழ்ந்துகொண்டிருப்பவர்கள்.

முதலில் கேட்க வேண்டியது

அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் டீட்ஸ் புற்றுநோயாளிகளுக்கான மறுவாழ்வுச் சிகிச்சையை நான்காகப் பிரித்தார். பாதிப்பு வருமுன் தடுப்பது, இழந்ததை மீட்பது, இருக்கும் குறையோடு தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள உதவுவது, எதுவும் மீளாத கட்டத்தில் வலியும் சிரமமும் இல்லாமல் வைத்திருப்பது. ஒரே நோயாளி சில மாதங்களில் இந்த நான்கையும் கடந்துபோகலாம். வீட்டார் பலர் இரண்டாவதிலேயே நின்றுவிடுவார்கள். பிசியோதெரபிஸ்ட்டும் அங்கேயே நின்றுவிட்டால் நோயாளி தினமும் தோற்றுக்கொண்டே இருப்பார்.

ஆகவே முதல் நாள் கை காலை அசைத்துப் பார்க்கும் முன் நோயாளியிடமே கேளுங்கள்: "உங்களுக்கு என்ன செய்யணும்னு இருக்கு?" குடும்பத்தார் பதில் சொல்ல முந்திக்கொள்வார்கள், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். வரும் பதில்கள் பெரும்பாலும் சின்னவை. பேத்தி சடங்குக்கு நாற்காலியில் உட்கார வேண்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிக்க வேண்டும். மாட்டைப் போய்ப் பார்க்க வேண்டும்.

நுரையீரல் புற்றுநோயில் இருந்த பெரியவர் ஒருவர், காலையில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். கட்டிலிலிருந்து திண்ணை பதினான்கு எட்டு. நடுவில் ஒரு நிலைப்படி. ஏழாவது எட்டிலேயே மூச்சு வாங்கிச் சுவரைப் பிடித்துக்கொள்வார். கால் பலத்துக்கான பயிற்சியை மட்டும் நம்பியிருந்தால் மாதக்கணக்காகும்; அவரிடம் அவ்வளவு நாள் இல்லை. ஆறாவது எட்டில் கைப்பிடி உள்ள நாற்காலி ஒன்றைப் போட்டோம். மூச்சு வாங்கத் தொடங்கும் முன்னாலேயே உட்கார வேண்டும் என்பது விதி. நிலைப்படிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு மரக்கட்டை அடித்தார்கள். பல் தேய்ப்பதையும் குளியலையும் பேப்பருக்குப் பிறகு தள்ளினோம். காலையில் இருக்கும் தெம்பு முழுவதும் திண்ணைக்குப் போகட்டும் என்று. "குளிக்காம வாசல்ல உக்காரதா?" என்று அவர் மனைவிக்கு முதலில் ஒப்பவில்லை. பிறகு அவரே பேப்பரை எடுத்து வைக்கத் தொடங்கினார்.

தெம்பைப் பங்கிட்டுச் செலவழிப்பதும் பயிற்சிதான். எது முக்கியமோ அதை முதலில் செய்யுங்கள். மற்றதை உட்கார்ந்து செய்யுங்கள், அல்லது வேறொருவரிடம் விடுங்கள். நல்ல நாளில் எல்லாவற்றையும் செய்து தீர்த்துவிட்டு அடுத்த இரண்டு நாள் எழ முடியாமல் கிடப்பதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு.

கழிவறை வரை

நான் கேட்டவரையில் நோயாளிகள் அதிகம் ஆசைப்படுவது கழிவறைக்குத் தானே போவதற்குத்தான். டயபர் கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று வீட்டார் நினைக்கும் இடத்தில் அவருக்கு மானம் போகிறது. அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வலி மாத்திரையின் நேரத்தை முதலில் பாருங்கள். வாய்வழி மார்ஃபின் எடுப்பவர் என்றால், மருத்துவர் எழுதிய வேளை மாத்திரை கொடுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து எழுப்புங்கள். மாத்திரைக்கு முன்னால் எழுப்பி, வலியில் துடிக்கவைத்து, "ஒத்துழைக்க மாட்டேங்கிறார்" என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

அடுத்து கட்டில். ஓரத்தில் உட்கார்ந்தால் இரு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், முழங்கால் இடுப்பைவிட மேலே போகக் கூடாது. தாழ்வான கட்டிலென்றால் நான்கு கால்களுக்கும் ஒரே உயரத்தில், கால் நழுவாதபடி குழிவிட்ட மரக்கட்டைகளைக் கொடுத்து உயர்த்துங்கள். தரையில் பாய் போட்டுப் படுத்துப் பழகியவரை எழுப்புவது பராமரிப்பவரின் இடுப்பை உடைக்கும்; கட்டிலுக்கு மாற்றுவதே நல்லது.

எழுப்பும் முறை இது. மல்லாந்து கிடப்பவரைத் தலையைப் பிடித்துத் தூக்காதீர்கள். இரண்டு முழங்காலையும் மடக்கச் சொல்லி, ஒரு பக்கமாகத் திருப்புங்கள். கால்கள் கட்டிலை விட்டு இறங்கும்போதே அவர் கீழ் முழங்கையை ஊன்றி எழட்டும். நீங்கள் தோளுக்குப் பின்னால் தாங்குங்கள். உட்கார்ந்ததும் இரண்டு மூன்று நிமிடம் அப்படியே விடுங்கள். நாள்கணக்கில் படுத்திருந்தவருக்கு எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பல விழுகைகள் இந்த இரண்டு நிமிடத்தைப் பொறுக்காததால் நடப்பவை. பிறகு கட்டில் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, முகம் கால் விரலுக்கு மேலே வரும்வரை முன்னால் குனிந்து, கையைக் கட்டிலில் ஊன்றி எழ வேண்டும். எழும்போது மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள்.

நீங்கள் அவருடைய பலவீனமான பக்கத்தில் நில்லுங்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது நம் வீடுகளில் எல்லோரும் செய்வது, எல்லோரும் விட வேண்டியது. பக்கவாதம் வந்த தோள் இதில் எளிதில் நழுவும். அதன் பிறகு மாதக்கணக்கில் வலிக்கும். தடித்த துண்டை இடுப்பில் சுற்றி இறுக்கி, அதைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளுங்கள். வயிற்றில் கட்டியோ, மலப்பையோ, உணவுக் குழாயோ இருந்தால் துண்டு வேண்டாம். இடுப்பெலும்பில் கை வைத்துத் தாங்குங்கள்.

கழிவறை தூரம் என்றால் கமோடு நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, அவருடைய நல்ல கை இருக்கும் பக்கம் போடுங்கள். குந்தி உட்காரும் பழைய கழிவறைக்கு மேல் வைக்கும் கமோடு ஸ்டூல் கடைகளில் கிடைக்கிறது. மார்ஃபின் எடுப்பவருக்கு மலச்சிக்கல் வராமல் இருக்காது. அதற்கான மாத்திரையோடு, பாதத்துக்கு அடியில் ஒரு சிறு பலகை வைத்து முழங்காலை உயர்த்தி, சற்று முன்னால் குனிந்து உட்கார வைத்தால் முக்க வேண்டியது குறையும். தாழ்ப்பாள் உள்ளே போட வேண்டாம். ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும். மிதியடியை எடுத்துவிடுங்கள்.

மூச்சு வாங்கும்போது

நடக்க முடியாமைக்குக் கால் காரணமில்லாமல் மூச்சு காரணமாக இருப்பதும் நிறைய. மூச்சுத் திணறல் வந்தால் பயம் வரும். பயத்தில் மூச்சு வேகமாகும், வேகமானதும் திணறல் கூடும். சுற்றி நிற்பவர்களின் பயமும் அதில் சேரும். எனவே முதலில் கட்டிலைச் சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள். ஜன்னலைத் திறங்கள். ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்காரட்டும்.

மல்லாந்து படுக்க வைக்காதீர்கள். உட்கார வைத்து, எதிரே மேசையிலோ மடியிலோ இரண்டு தலையணைகளை அடுக்கி, அதில் முழங்கைகளை வைத்து முன்னால் சாயச் சொல்லுங்கள். தோள் தளரும், மூச்சுத் தசைகளுக்கு இடம் கிடைக்கும். மூக்கால் இழுத்து, சூடான காபியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக வெளியே விடட்டும். "நல்லா மூச்சை இழுங்க" என்று கத்துவது உதவாது. உள்ளே காற்று நிற்கும்போது மேலும் இழுக்க முடியாது. விடுவதில் கவனம் வைத்தால் இழுப்பது தானாக நடக்கும். எதிரே கதவு இருந்தால் அதன் நிலையைக் கண்ணால் சுற்றி வரச் சொல்லுங்கள்: மேலே குறுகிய பக்கத்துக்கு உள்ளிழுப்பு, நீண்ட பக்கத்துக்கு வெளிவிடல்.

காற்று முகத்தில் பட வேண்டும். 2010-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்தவர்கள் ஐம்பது நோயாளிகளிடம் கைக்கு அடக்கமான சிறு ஃபேனைக் கொடுத்துச் சோதித்தார்கள். முகத்தில் ஐந்து நிமிடம் பட்டபோது திணறல் உணர்வு குறைந்தது. காலில் பட்டபோது அந்தப் பலன் தெரியவில்லை. மூக்கையும் கன்னத்தையும் சுற்றியுள்ள நரம்புக்குக் குளிர்ச்சி போய்ச் சேருவதே காரணம் என்று கருதப்படுகிறது. பேட்டரி ஃபேனை முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் அவரே பிடித்துக்கொள்வது நல்லது. தன் கையில் ஒரு மருந்து இருக்கிறது என்ற தைரியமும் அதில் சேர்கிறது. பனையோலை விசிறியும் ஈரத்துணியும் போதும், வேறொருவர் விசிற வேண்டும், அவ்வளவுதான். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையாதவருக்கு வாடகை சிலிண்டர் இந்த ஃபேனைவிடப் பெரிதாக எதுவும் செய்துவிடாது. சிலிண்டர் தேவையா என்பதை மருத்துவர் அளந்து பார்த்துச் சொல்லட்டும்.

படுத்தே இருப்பவருக்கு

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது அடிப்படை. முழுதாக ஒரு பக்கம் சாய்த்தால் இடுப்பெலும்பின் முனையில் பாரம் இறங்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை கொடுத்து, பாதி சாய்ந்த நிலையில், ஏறக்குறைய 30 டிகிரியில் நிறுத்துங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று, குதிகால் காற்றில் இருக்கும்படி. ஏர் பெட் வாங்கியவர்கள் திருப்புவதை விட்டுவிடுகிறார்கள். அது திருப்புவதற்கு மாற்றில்லை. காற்றடைத்த வளையத்தை அடியில் வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள், அது சுற்றியுள்ள சதைக்கு ரத்தம் போவதைத் தடுக்கிறது.

புண் வரும் இடங்களைத் தினமும் பாருங்கள்: வால் எலும்பு, இடுப்பு, குதிகால், காது மடல். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மீண்டும் சிவந்தால் பரவாயில்லை. அழுத்தியும் வெளுக்காவிட்டால் புண் உள்ளே தொடங்கிவிட்டது. நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது என்பதால் தொட்டுப் பாருங்கள்: சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, இறுகியோ, அதிகம் கறுத்தோ இருக்கும். அந்த இடத்தைத் தேய்த்துவிடவே கூடாது.

மேலே நகர்த்தும்போது இழுத்தால் தோல் உரியும். பழைய காட்டன் புடவையை நான்காக மடித்துத் தோளிலிருந்து தொடைவரை அடியில் விரித்து வையுங்கள். இரண்டு பேர் இரு பக்கமும் புடவையை உடம்புக்கு நெருக்கமாகச் சுருட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் தூக்கி நகர்த்துங்கள். ஆஸ்பத்திரியில் விற்கும் நகர்த்து விரிப்பைவிட இதுவே எனக்குப் பிடிக்கும். துவைத்தால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

மூட்டுகள் இறுகாமல் இருக்க தினம் இருவேளை ஒவ்வொரு மூட்டையும் ஐந்தாறு முறை அசைத்துவிட வேண்டும். இதற்கென்று தனி நேரம் ஒதுக்கினால் நான்காவது நாள் விட்டுப்போகும். உடம்பு துடைக்கும்போதே செய்துவிடுங்கள். அக்குளைத் துடைக்கும்போது தோளையும், விரலிடுக்கைத் துடைக்கும்போது விரல்களையும். முகம் சுருங்கும் இடத்தில் நிறுத்துங்கள். மறதி நோயில் பேச்சிழந்தவருக்கு அந்த முகச்சுருக்கம்தான் பேச்சு.

மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கை வீங்கினால், யானைக்காலைப் போன்ற தொற்று என்று பயந்து பெண்களை ஒதுக்கிவைக்கும் வீடுகள் உண்டு. நிணநீர் வடியும் பாதை அடைபட்டதால் வரும் வீக்கம் அது, ஒட்டாது. தோலை வறளவிடாமல் வைத்தல், தலையணையில் கையை உயர்த்தல், விரலை மடக்கி நீட்டல் ஆகியவை வீட்டில் செய்யக்கூடியவை. கட்டு போடுவது பயிற்சி பெற்றவரின் வேலை. மெடிக்கல் ஷாப்பில் கிரேப் பேண்டேஜ் வாங்கி நீங்களாக இறுக்கிக் கட்டாதீர்கள்.

உடனே நிறுத்த வேண்டிய இடங்கள்

மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றில் தொடங்கும் புற்றுநோய்கள் எலும்புக்குப் பரவும் பழக்கம் உள்ளவை. இவர்களில் யாருக்காவது புதிதாக முதுகுவலி வந்து, படுத்தாலோ இருமினாலோ கூடி, கால் துவண்டு, மரத்து, சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டால், அது தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம். அன்றைக்கே, படுத்த நிலையிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஓரிரு நாள் தாமதத்தில் போன கால் பெரும்பாலும் திரும்புவதில்லை. "பிசியோவுக்குச் சொல்லியிருக்கோம், நாளைக்கு வருவார்" என்று காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை இது. காலை ஊன்றும்போது மட்டும் தொடையில் சுரீரென்று வலித்தால், எக்ஸ்ரே எடுக்கும்வரை நடக்கவைக்காதீர்கள்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், அமுக்கிவிடக் கூடாது. வீங்கிய கை சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் மருந்து தேவை. ஈறில் ரத்தம் கசிந்தாலோ தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றினாலோ எடை தூக்கும் பயிற்சிகளை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

"கரண்ட் வைக்கிறது" பற்றியும் ஒரு வார்த்தை. இயந்திரம் இல்லாத பிசியோதெரபியை நம் மக்கள் நம்புவதில்லை. சில இடங்களில் பத்து நாள், இருபது நாள் பேக்கேஜாகவும் விற்கிறார்கள். நரம்பைத் தோல்வழியாகத் தூண்டும் டென்ஸ் கருவி சில வலிகளுக்குத் தேர்ந்தவர் கையில் உதவும். கட்டி இருக்கும் இடத்தில் அல்ட்ராசவுண்ட் சிகிச்சையும் ஆழமான வெப்பமும் கூடாது. மரத்த தோலிலும் கதிர்வீச்சு பட்ட தோலிலும் வெந்நீர்ப் பை வைத்தால் வெந்தபிறகுதான் தெரியும்.

கடைசி நாட்கள்

நாளின் பெரும்பகுதி தூக்கம், விழுங்க முடியாமை என்ற கட்டம் வந்ததும் பயிற்சிகளை நிறுத்துங்கள். "விடக் கூடாது, பழக்கிட்டே இருக்கணும்" என்று வெளியூரிலிருந்து வரும் உறவினர் சொல்வார். அவர் இரண்டு நாளில் கிளம்பிவிடுவார். இரண்டு மணி நேரக் கணக்கும் இப்போது தளரலாம். திருப்பும்போது வலிக்கிறதென்றால் நேரத்தைத் தள்ளிப்போடுங்கள். தொண்டையில் கரகரவென்று சளிச் சத்தம் கேட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையைச் சற்றுத் தாழ்த்துங்கள். நெஞ்சைத் தட்டுவதும் ஆழமாகக் குழாய்விட்டு உறிஞ்சுவதும் அவருக்குத் துன்பம். சத்தம் நம்மை வதைக்கும் அளவுக்கு அவரை வதைப்பதில்லை. சுரப்பைக் குறைக்கும் மருந்து உண்டு, செவிலியரிடம் கேளுங்கள். காலை அமுக்கிவிடுவது பிடித்தவரென்றால், கால் வீக்கம் இல்லாதவரை, மெதுவாக அமுக்கிவிடுங்கள்.

யாரைக் கேட்பது

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வரும் நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் அடக்கம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிந்து, செவிலியர் மட்டும் போதாது, பிசியோதெரபிஸ்ட்டும் வர வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போய்விடக்கூடும். தினம் வருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவருக்குப் பார்க்க ஒரு வட்டாரமே இருக்கிறது.

அதனால் அவர் வரும் அந்த முக்கால் மணி நேரம் உங்களுக்குக் கற்றுக்கொள்ளும் நேரம். அவர் செய்து காட்டியதும், "இப்ப நான் செய்றேன், நீங்க பாருங்க" என்று அவர் முன்னாலேயே ஒருமுறை எழுப்பி உட்கார வையுங்கள். ராத்திரி முறை பார்ப்பவர் வேறென்றால் அவரையும் அன்று வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். ஸ்கேன் அறிக்கை, மாத்திரைச் சீட்டு, வலி எந்த நேரத்தில் கூடுகிறது என்று எழுதிய தாள் ஆகிய மூன்றையும் எடுத்து வையுங்கள். எலும்பில் பரவல் இருக்கிறதா என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.